பாரா இடைவெளியில கை வைக்காதீங்க சாமி!

"இதுக்கெல்லாம் ஒரு பதிவா?" என்று கேட்கப்போகும் மக்கள் இப்பவே எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மற்றவர்கள் உட்காருங்க. ஒரு பாராவுக்கும் அடுத்த பாராவுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றித்தான் இன்றைய சண்டை. முதல் குற்றவாளி நானே என்பதால் தைரியமாகத் திட்டலாம்.

எங்கள் துறை ஆண்டு மலருக்கு நான் மாணவ ஆசிரியர். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். நான்கு ஃபாரம், ஆக 64 பக்கம் என்று காசு பேசி முடித்தாயிற்று. மேட்டர் எல்லாம் ஓட்டிப் பார்த்தால் 66 பக்கம் வருகிறது. காந்திபுரத்தில் ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்ன வசனம்: "அண்ணா, எப்படியாச்சும் 64-க்குள்ள அடக்கிருங்ணா."

அந்த அண்ணனிடம் இருந்தது பேஜ்மேக்கர். 1985-ல் ஆல்டஸ் கம்பெனி வெளியிட்டு, 1994-ல் அடோபி கைக்குப் போய், 2001-ல் ஏழாவது பதிப்போடு நின்றுபோன அதே பேஜ்மேக்கர்தான். கன்ட்ரோல்-எம் அடித்தார். பாராவுக்குப் பின் விடும் இடம் 6 பாயின்ட் இருந்ததை பூஜ்யம் ஆக்கினார். வரிக்கு வரி 15 பாயின்ட் இருந்ததை 14 ஆக்கினார். கடைசி 18 பக்கங்கள் 16 பக்கங்களாகச் சுருண்டன. "அவ்ளோதானுங் தம்பி" என்றார். நான் கிட்டத்தட்ட கைதட்டிவிட்டேன்.

அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் என் வகுப்புத் தோழியின் கட்டுரை இருந்தது. நெகமம் பக்கம் கைத்தறிக் குடும்பம். அம்மா பேசுவதை ஒரு பாராவாகவும், அதற்குத் தன் பதிலை அடுத்த பாராவாகவும் மாற்றி மாற்றி எழுதியிருந்தாள். மேற்கோள் குறியெல்லாம் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்பதை அந்த 6 பாயின்ட் வெற்றிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பாராவின் முதல் வரியை உள்தள்ளும் வழக்கமும் எங்கள் மலரில் இல்லை. ஓரிடத்தில் அம்மா, தறியை வித்துப்போட்டு மில்லு வேலைக்குப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும் என்கிறார். அடுத்த பாராவில் மகள், அது உண்மையில்லை, அந்தத் தறிதான் என்னைக் காலேஜுக்கு அனுப்பியது என்கிறாள். இடைவெளி போச்சு. அம்மா பாராவின் கடைசி வரி வலது ஓரம் வரை நிரம்பி நின்றதால் இரண்டும் ஒரே பாரா ஆகிவிட்டன. அம்மா தன் பேச்சைத் தானே பொய் என்று சொல்வது போல அச்சாகி வந்தது.

மலரை வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த அந்த அம்மா கேட்டாராம்: "ஏங் கண்ணு, நான் எப்ப இப்படிச் சொன்னேன்?" தோழி என்னைத் திட்டக்கூட இல்லை. கேட்டதை அப்படியே வந்து சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது வாதத்துக்கு வருவோம். "யாருமே கவனிக்க மாட்டாங்க" என்பதுதான் எல்லா டிடிபி சென்டரிலும் கேட்கும் முதல் சமாதானம். கவனிக்க மாட்டார்கள், சரி. ஆனால் தப்பாகப் படிப்பார்கள். பாரா இடைவெளியும் எழுத்துதான். மை படாத எழுத்து. "ஒரு கமாவை எடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிற நாம், இதை மட்டும் சும்மா விடுகிறோம்.

இதில் தமிழுக்கு இன்னொரு தொல்லை. நம் எழுத்து மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். 'மூ', 'ழூ' எல்லாம் கீழே கால் நீட்டும், 'கீ', 'ரீ' எல்லாம் மேலே கொம்பு நீட்டும். ஆங்கிலத்துக்குத் தாங்குகிற வரி இடைவெளி தமிழுக்குத் தாங்காது. ஒரு பாயின்ட் குறைத்தாலே மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும்.

"செலவு யாருங்க தருவா?" என்பது அடுத்த சமாதானம். நியாயமான கேள்வி, கணக்கே போட்டுவிடுவோம். எங்கள் பக்கத்துக்கு 34 வரி, சராசரி 5 பாரா. பாரா இடைவெளியை ஸ்டைலிலேயே 6-லிருந்து 4 ஆக்கி, 60 பக்கத்துக்கும் ஒரே மாதிரி விட்டிருந்தால் 600 பாயின்ட் மிச்சம். அதாவது 40 வரி. இன்னும் 28 வரி வேண்டும். ஒரே ஒரு சொல் தனியாக நிற்கிற கடைசி வரிகளைத் தேடி, எழுதியவரிடம் கேட்டு, ஒவ்வொரு பாராவிலும் ஒரு சொல்லைக் குறைத்தால் அதுவும் தேறும். கட்டுரைகளைப் புதுப் பக்கத்தில் தொடங்காமல் தொடர்ச்சியாக ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு சாயங்கால வேலை.

அதைவிடச் சுலபமான வழியும் இருந்தது. மலரின் முன்பக்கம் நான்கு பெரியவர்களின் வாழ்த்துரை, ஆளுக்கு ஒரு முழுப்பக்கம், காற்றோட்டமாக. பக்கத்துக்கு இரண்டாகப் போட்டிருந்தால் 2 பக்கமும் அங்கேயே தீர்ந்தது. ஏன் செய்யவில்லை? பயம். இடம் பத்தவில்லை என்றால் முதலில் யாருடைய மூச்சை அமுக்குகிறோம் என்று பாருங்கள். சத்தம் போடாதவர்களுடையதைத்தான்.

நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் இதைச் செய்ய முடியுமா? இடமில்லை என்று தாய்மாமன் பேரை அடுத்தவர் பேரோடு ஒட்டிப் பாருங்கள், மண்டபத்தில் முறைப்பாடு வந்து நிற்கும். அங்கே ஒரு மடிப்பு கூடப் போட்டு பெரிதாக அடிக்கிறோம். மனசிருந்தால் காகிதம் கிடைக்கிறது.

இயந்திரத்திடம் விட்டாலும் அதற்கு வரம்பு வைத்தவர்கள் இருக்கிறார்கள். தன் புத்தகத்தின் அச்சு கண்ணறாவியாக வந்ததைப் பொறுக்காமல் 1977-ல் டெக் என்ற மென்பொருளைத் தொடங்கிய டொனால்ட் க்னூத், அதன் அடிப்படை அமைப்பில் பாரா இடைவெளி ஒரு பாயின்ட் வரை விரியலாம் என்று விட்டார். சுருங்க இடமே தரவில்லை. இன்டிசைனில் பக்கத்தை மேலிருந்து கீழ் நிரப்பும் வசதியிலும் பாரா இடைவெளி எவ்வளவு விரியலாம் என்று நாமே எல்லை போட முடியும்.

அச்சில் சிக்கனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்ம ஈரோட்டுக்காரர் 1935-ல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது அச்சு எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு காரணம். ஆனால் அவர் அதை வெளிப்படையாகச் சொல்லி, இதழ் முழுக்க ஒரே விதியாகச் செய்தார். 1978-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. பதினெட்டுப் பக்கத்தை மட்டும் திருட்டுத்தனமாக நெருக்குவதற்குப் பெயர் சீர்திருத்தம் இல்லைங்க.

அடுத்த வருஷம் மலர் போடப்போகும் ஜூனியர்களே, உங்களுக்குத்தான் இது. குறைப்பதென்றால் சொல்லைக் குறையுங்கள், எழுதியவரைக் கேட்டுவிட்டு. இடைவெளியைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் முதல் பக்கத்து வாழ்த்துரையிலிருந்து கடைசிக் கட்டுரை வரை ஒரே அளவாகக் குறையுங்கள். குறைத்த பிறகு ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள். நான் அதைத்தான் செய்யவில்லை.

டிஸ்கி: அந்த டிடிபி அண்ணன் மேல் தப்பில்லை. "அடக்கிருங்ணா" என்று சொன்னது நான்.