ஆளுக்கொரு பழம் கொண்டு வாருங்கள்



பங்குனி பிறந்தாச்சு. இனி வைகாசி முடிய நம்ம பக்கம் ஆள் கூடுகிற காலம். கோயில் கொடை, கல்யாணம், குடும்பமாகத் திருச்செந்தூர், கழுகுமலை என்று ஒரு நாள் போய்வருவது எல்லாம் இந்த மாதங்களில்தான். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு வருவதால் பழைய மாணவர் சந்திப்பையும் இப்போதுதான் வைக்கிறார்கள். இந்த வருடம் என் போனுக்கு மூன்று அழைப்பு வந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். என்னை மறக்காமல் கூப்பிடுகிறீர்களே, அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் மூன்று அழைப்பும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றன. ஏசி ஹால், கேட்டரிங் சாப்பாடு, எல்லோருக்கும் ஒரே கலர் டீ-சர்ட், நினைவுப் பரிசு, கடைசியில் சின்னக் கப்பில் ஃப்ரூட் சாலட் வித் ஐஸ்கிரீம். தலைக்கு 1500 ரூபாய், 2000 ரூபாய்.

இதில் ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லித்தான் இந்த நீளப் பதிவு. அந்த ஃப்ரூட் சாலட்டைக் காண்ட்ராக்ட்காரரிடம் கொடுக்காதீர்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு பழம் கொண்டு வாருங்கள். அங்கேயே நறுக்கி, அங்கேயே கலந்து சாப்பிடுங்கள். "டீச்சருக்கு வேற வேலை இல்லை, ஃப்ரூட் சாலட்டுக்கு ஒரு கட்டுரையா" என்று சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் பஜாரில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். "உங்க செட் பிள்ளைகள் சந்திப்பு வச்சிருக்காங்களே, வர்றியாம்மா?" என்று கேட்டேன். "அன்னைக்கு வேலை இருக்கு டீச்சர்" என்றாள். சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆபீஸ் லீவு என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏற்பாடு செய்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "முடியாதவங்க பணம் கட்ட வேண்டாம் டீச்சர், நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறார்கள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கிக்கொள்கிறவர் பக்கம் நின்றும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சிலேட்டுக் குச்சியை ஒடித்துப் பங்கு போட்டவர்கள் நீங்கள். இன்றைக்கு ஒருத்தர் பணம் கட்டி வருகிறார், இன்னொருத்தர் ஓசியில் வருகிறார் என்றால் அந்த இன்னொருத்தருக்குச் சாப்பாடு இறங்குமா? அதனால்தான் வேலை இருக்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமலே இருந்துவிடுகிறார்கள்.

நம் வழக்கம் என்ன? ஒரு வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போகக்கூடாது. நாலு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு போவோம். நாலு பழத்தோடு படியேறுகிறவருக்குத் தலை குனிய வேண்டியதில்லை. அதையேதான் சந்திப்புக்கும் சொல்கிறேன். ஒரு கொய்யாப்பழம் யாராலும் கொண்டு வர முடியும்.

"அதுக்குப் பதிலா ஆளுக்கொரு பலகாரம் செஞ்சு கொண்டு வரலாமே, வெளிநாட்டுல பாட்லக்னு அப்படித்தானே செய்றாங்க" என்று என் தங்கை மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பாத்திரத்தைத் திறந்தவுடன் யார் வீட்டில் என்ன வசதி என்று தெரிந்துவிடும். ஒரு ஹாட் பாக்ஸில் மட்டன் பிரியாணி இருக்கும், பக்கத்துத் தூக்குச்சட்டியில் எலுமிச்சைச் சாதம் இருக்கும். எது முதலில் காலியாகும், எது அப்படியே வீட்டுக்குத் திரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம கூட்டாஞ்சோறு அப்படி இல்லை. சின்ன வயசில் ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தன் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த நாலு கத்தரிக்காய் என்று கொண்டு வருவோம். எல்லாம் ஒரே சட்டிக்குள் போகும். வெந்த பிறகு எது யார் கொண்டு வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. காமராசர் காலத்தில், 1956-இல், பள்ளி மதிய உணவு தொடங்கியபோதும் ஊர்க்காரர்கள் முடிந்ததைக் கொடுத்து, பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஃப்ரூட் சாலட்டும் கூட்டாஞ்சோறுதான், அடுப்பு பாலுக்கு மட்டும். ஒருத்தர் மாதுளை கொண்டு வரட்டும், இன்னொருத்தர் வீட்டு மரத்துச் சப்போட்டா கொண்டு வரட்டும். நறுக்கி ஒரே அண்டாவில் போட்டுக் கலந்த பிறகு எல்லாம் ஒன்று.

"இது என்ன, வெள்ளைக்காரன் பண்டம்தானே" என்று நினைக்காதீர்கள். பழத்தை இனிப்போடு கலந்து ஊருக்கே கொடுப்பதில் நமக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் இருக்கிறது. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்ப்பதில்லை. இனிப்பு கூடுதலாக இருப்பதால் வெளியில் வைத்தாலும் பல நாள் தாங்குகிறது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வருடமே நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் கிடைத்தது உங்களுக்குத் தெரியும்.

கஸ்டர்ட் பவுடர் வெளியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் பர்மிங்காமில் கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் 1837-இல் முட்டை இல்லாத கஸ்டர்டைச் செய்தார். அந்தப் பவுடரில் இருப்பது என்ன? மக்காச்சோள மாவுச்சத்து, கொஞ்சம் மஞ்சள் நிறம், வெனிலா வாசனை. அவ்வளவுதான். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று நம் மானாவாரிக் கரிசல் நெடுக மக்காச்சோளம் விளைகிறது. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிப் போகிறது. அதே சோளத்தின் சத்து கலர் டப்பாவில் திரும்பி வந்தால் நாம் அதை அந்நியமாகப் பார்க்கிறோம்!

பழத்துக்கும் அப்படித்தான். கிவி, டிராகன் ஃப்ரூட் இல்லாவிட்டால் சாலட் இல்லை என்று நினைக்க வேண்டாம். நமக்குத் தாமிரபரணிக் கரையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழை இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. கொய்யா, சப்போட்டா, மாதுளை இருக்கிறது. சித்திரையில் நுங்கு இருக்கிறது. இளநுங்காகப் பார்த்துத் தோல் நீக்கிப் போட்டால் கஸ்டர்டுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆவணி, புரட்டாசியில் கூடுகிறீர்களா, சீத்தாப்பழம் போடுங்கள். அதன் சதை கஸ்டர்ட் மாதிரி இருப்பதால்தான் இங்கிலீஷில் கஸ்டர்ட் ஆப்பிள் என்று பெயர். நம்ம காட்டில் பழம் என்றால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்குவது என்று இருந்த காலத்தில், இலந்தையும் கொடுக்காப்புளியும் நாவலும் மிதுக்கம்பழமும் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். உங்கள் பிள்ளைகள் அதையும் ஒரு தரம் பார்க்கட்டும்.

இனி கணக்கு. கணக்கில்லாமல் நான் எதையும் விட்டதில்லை.

50 பேர் என்று வையுங்கள். ஒரு பழம் சுமார் 150 கிராம் என்றால் 50 பழம் ஏழரைக் கிலோ. தோலும் கொட்டையும் போக ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஆளுக்கு 100 கிராம் பழம் வந்துவிட்டது. அதற்குப் பால் 5 லிட்டர், கஸ்டர்ட் பவுடர் 200 கிராம், சீனி 600 கிராம் போதும். பழத்திலும் இனிப்பு இருக்கிறது, சீனியை அள்ளிக் கொட்டாதீர்கள்.

பவுடரை முதலில் ஆறின பாலில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கொதிக்கிற பாலில் நேராகப் போட்டால் மேல்மாவு வெந்து உள்மாவு பச்சையாகவே உருண்டு நிற்கும். மீதிப் பாலைச் சீனியோடு கொதிக்கவிட்டு, கரைத்ததை ஊற்றி, அடிபிடிக்காமல் மூன்று நான்கு நிமிடம் கிண்டி இறக்குங்கள். ஆறும்போதும் இடையிடையே கிண்டிவிட்டால் ஏடு கட்டாது. நன்றாக ஆறிய பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குவது நல்லது.

எல்லாப் பழமும் பாலோடு ஒத்துப்போகாது. பச்சை அன்னாசியும் பப்பாளியும் பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். அன்னாசியைச் சீனித் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆரஞ்சு, சாத்துக்குடியின் புளிப்பு பாலைத் திரிக்கும். தர்ப்பூசணி தண்ணீர் விடும். இவற்றைக் கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தனித் தட்டில் நறுக்கி வையுங்கள், வெயிலுக்கு முதலில் காலியாவது அதுதான். ஆப்பிளை நறுக்கியவுடன் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தெளித்தால் கறுக்காது. வாழைப்பழத்தைக் கடைசியில் போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

எங்கள் வயசுக்காரர்களில் சர்க்கரை வியாதி இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். கஸ்டர்டை ஊற்றும் முன்பே பழத்தில் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது மதினி" என்று வற்புறுத்தாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நம்ம ஊர் வெயில். காய்ச்சிய பாலும் நறுக்கிய பழமும் சேர்ந்தது சீக்கிரம் கெடும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் சித்திரைக்கு நான் ஒரு மணி நேரம் என்பேன். கஸ்டர்டை மூடிய பாத்திரத்தில், சுற்றி ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போங்கள். அந்த ஐஸை உள்ளே போடாதீர்கள். பரிமாறுவதற்குக் கால்மணி முன்னால் கலந்தால் போதும். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், பார்சல் கட்டாதீர்கள்.

"நாங்க ஒரு நாள் லீவில் வர்றோம் டீச்சர், அதிலும் பழம் நறுக்கணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மத்தியானச் சாப்பாட்டைக் கேட்டரிங்காரரிடமே விடுங்கள். அந்தச் செலவை வசதி உள்ளவர்கள் நாலு பேர் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் கொடுத்துவிடுங்கள், மேடையில் பெயர் வாசிக்க வேண்டாம். டீ-சர்ட்டும் நினைவுப் பரிசும் இல்லாவிட்டால் செலவு பாதியாகும். பத்துப் பேர் உட்கார்ந்தால் பழம் நறுக்க அரைமணி நேரம். மைக் பிடித்து ஒவ்வொருவரும் தன் பதவியைச் சொல்லும் அந்த அரைமணியைவிட, கத்தியும் கையுமாகச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு நன்றாக வரும். பதவி இல்லாதவர்களும் அதில் பேசுவார்கள்.

ஒரு நிபந்தனை. நறுக்கும் வேலை ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு. வீட்டில் தினமும் நறுக்குகிறவர்கள் அன்றைக்கு உட்கார்ந்து பேசட்டும்.

ஆகவே, ஏற்பாட்டாளர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு இரண்டு வேண்டுகோள். குரூப்பில் போடும் அழைப்பில் பணத்தைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, "ஆளுக்கொரு பழம்" என்று எழுதுங்கள். குரூப்பில் இல்லாதவர்கள், போன் மாற்றியவர்கள், பதில் போடாதவர்கள் பட்டியலை எடுத்து, பக்கத்தில் இருக்கிறவர்கள் நேரில் போய்க் கூப்பிடுங்கள். "வேலை இருக்கு" என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாமல், "ஒரு கொய்யாப்பழம் மட்டும் கொண்டு வா, நீ வராம நறுக்க ஆரம்பிக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், கோவில்பட்டி