யோசிக்க நேரம் கொடுத்தால் மட்டும் போதுமா?

எமது பாடசாலை செஸ் கழகத்தில் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், ஃபோன்ல இருக்கிற செஸ் எஞ்சினுக்குக் கூட நேரம் குடுத்தா இன்னும் நல்லா விளையாடுமா?"

விளையாடும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் எமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளியிடம் இன்னொரு 35. எனவே ஒரு படி ஆழமாகப் பார்க்கவே எஞ்சினுக்குப் பல மடங்கு நேரம் தேவை. தேவையற்ற கிளைகளை வெட்டிவிட்டாலும் செலவு பெருகிக்கொண்டேதான் போகும்.

1980களின் தொடக்கத்தில் கென் தொம்சன் தனது 'பெல்' எஞ்சினை வெவ்வேறு ஆழங்களில் தன்னோடு தானே மோதவிட்டார். ஒரு படி கூடுதலாகப் பார்த்தது தெளிவாக வென்றது. ஆனால் ஆழம் கூடக் கூட, அடுத்த படியால் கிடைத்த லாபம் குறைந்துகொண்டே வந்தது.

2018இல் வெளியான ஆய்வில் அல்பாசீரோ வினாடிக்கு சுமார் 60 ஆயிரம் நிலைகளையே பார்த்தது. ஸ்டொக்பிஷ் பார்த்தது சுமார் 60 மில்லியன். 1000 ஆட்டங்களில் அல்பாசீரோ 155இல் வென்று 6இல் மட்டுமே தோற்றது. பத்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்தபோதும் அதுவே முன்னிலை. காரணம், எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே கற்றிருந்தது.

இனி எமது வகுப்பறைக்கு வருவோம். சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம். பாடம் விளங்கிய பிள்ளை அதில் வினாக்களைத் தெரிவு செய்கிறது. விளங்காத பிள்ளை அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "நல்லா யோசி" என்று அதட்டுகிறோமே, யோசிப்பதற்கான முதலை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தோமா? பூச்சியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூச்சியம்தானே!

அதற்காக நேரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அல்பாசீரோவுக்கும் யோசிக்க நேரம் கூடினால் பலம் கூடத்தான் செய்தது. நாமோ, பாடவேளையில் முதலில் கையுயர்த்தும் பிள்ளையிடமே விடையை வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். கடைசி வாங்கில் இருப்பவனுக்கு இன்னும் அரை நிமிடம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

முதலில் விளங்கப்படுத்துவோம். பிறகு பொறுமையாகக் காத்திருப்போம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்ல எமக்கு உரிமையில்லை.

சக ஆசிரியர்களே, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.