நடுவரின் ஊதலும் நமது நாவும்

2023ஆம் ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் நமது மதரஸாவில் கிராஅத் போட்டி நடைபெற்றது. நன்றாக ஓதக்கூடிய பத்து வயது மாணவன் ஒருவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவராக வந்திருந்த வெளியூர் ஹஜ்ரத் அவனுடைய தஜ்வீதில் இரண்டு இடங்களில் பிழை கண்டிருந்தார். நாமும் அருகிலிருந்து கேட்டோம், பிழை பிழைதான். மேடையிலிருந்து இறங்கிய சிறுவன் தன் தோழனிடம், "ஜட்ஜை வாங்கிட்டாங்கடா" என்றான்.

அழைத்துக் கண்டித்தோம். ஓர் ஆலிமைப் பற்றி இப்படிப் பேச எங்கே கற்றாய் என்று கேட்டோம். தலை குனிந்தபடி, "அன்னைக்கு மேட்ச்சுல நீங்கதான் சொன்னீங்க ஹஜ்ரத்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அவ்வாண்டு மார்ச் 3, ஜும்ஆ நாள் இரவு, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. அரையிறுதிக்குச் செல்வது யார் என்பதை முடிவு செய்யும் ஒற்றை ஆட்டம். பெங்களூரு நம் திருவண்ணாமலைக்கு அருகில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அங்கு வேலை பார்க்கிறார்கள். என்றாலும் நமது மஹல்லாவில் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கே ஆதரவு அதிகம். இஷா தொழுதுவிட்டு நாமும் அவர்களோடு அமர்ந்தோம்.

கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் அதை கோல் என்றார். ஊதிய பின்னரே உதைத்திருக்க வேண்டும் என்பது பிளாஸ்டர்ஸின் வாதம். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை மைதானத்தை விட்டே அழைத்துச் சென்றார். அவர்கள் திரும்பி வராததால் வெற்றி பெங்களூருவுக்கு அளிக்கப்பட்டது. அப்போதுதான் நாம் அச்சொல்லைச் சொன்னோம், சுற்றியிருந்த பிள்ளைகளின் காதுபட.

பிறகு விதியை விசாரித்தோம். தாக்கும் அணி விரும்பினால் ஊதலுக்குக் காத்திராமல் விரைந்து உதைக்கலாம். எதிரணியினரை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தும்படி அது கேட்டாலோ, பொறுக்குமாறு நடுவர் சொன்னாலோதான் காத்திருக்க வேண்டும். ஆகவே அங்கே வழக்கு ஒன்றே ஒன்றுதான்: நடுவர் பொறுக்கச் சொன்னாரா, இல்லையா? அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு பிளாஸ்டர்ஸின் முறையீட்டை ஏற்கவில்லை. அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் விதித்தது. அக்குழுவின் முடிவில் ஒருவருக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் நடுவர் பணம் வாங்கினார் என்பதற்கு நம்மிடம் என்ன சாட்சியம் இருந்தது? நமது அணி தோற்றது என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலகச் செய்ய வேண்டாம் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நமக்குச் சொல்கிறது. பயான்களில் இதைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். போர்களைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் பேசும்போதுதான் அது நம் நினைவுக்கு வந்திருக்கிறது. கையில் ரிமோட்டுடன் அமர்ந்திருக்கும்போது வந்ததில்லை.

ஆய்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியாகத் தீர்ப்பளித்தால் இரண்டு கூலி, தவறினால் ஒரு கூலி என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. விசில் ஊதுபவரைக் காழியோடு ஒப்பிடலாமா என்று சக ஆலிம்கள் கேட்கக்கூடும். ஒப்பிடவில்லை. தீர்ப்பளிப்பவன் தவறக்கூடும், தவறுவது வேறு, விலைபோவது வேறு என்ற வேறுபாட்டை மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஒளிபரப்பும் இந்த வேறுபாட்டை மறக்கடிக்கிறது. நடுவர் ஓடிக்கொண்டே ஒருமுறை, ஒரு கோணத்தில் பார்க்கிறார். நாம் சாய்ந்து அமர்ந்து மெதுவாக்கிய காட்சியாக ஐந்தாறு கோணங்களில் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, "இதுகூடத் தெரியலையா?" என்கிறோம்.

நமது கிராஅத் போட்டி நடந்த அதே மாதம், செப்டம்பர் 30 அன்று, லண்டனில் டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. அங்கே வீடியோ உதவி நடுவர் இருந்தார். காட்சியைப் பார்த்து, ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் மைதானத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டது என்று தவறாக எண்ணிக்கொண்டு, முடிவு சரி என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது, லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. நடுவர்களின் அமைப்பு அன்றே பிழையை ஒப்புக்கொண்டது. சில நாட்களில் நடுவர்களின் உரையாடல் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. அதைக் கேட்டால் ஒரு மனிதன் தன் தவற்றை உணர்ந்து பதறுவது தெரியும். சதி எதுவும் கேட்காது. அப்படியிருந்தும், அந்த நடுவர் அந்த வாரத்தில்தான் அமீரகத்துக்குச் சென்று ஓர் ஆட்டத்தில் பணியாற்றிவிட்டு வந்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டியவர்கள் ஏராளம். நம் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவிலும் அக்கதை வந்தது.

அந்த ஆட்டம் நம் நேரப்படி இரவு பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை நடந்தது. அடுத்த நாள் ஃபஜ்ருக்குப் பிந்திய வகுப்பில் மூத்த மாணவர் நால்வர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தனர். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டோம். சந்தா கட்டும் வசதி இல்லாததால் டெலிகிராமில் வந்த திருட்டு இணைப்பில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதே மூச்சில் நடுவரைத் திருடன் என்றார்கள். நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

விளையாட்டையே விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு விளையாடியபோது அதை அனுமதித்து, ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் காட்டியவர்கள் நபி (ஸல்) அவர்கள். பெற்றோரிடம் நாம் கேட்பது சிறியது. பிள்ளையோடு அமர்ந்து ஆட்டம் பாருங்கள். நடுவரின் முடிவு தவறு என்று தோன்றினால், தவறு என்று சொல்லுங்கள். ஏன் தவறு என்று விதியைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் விலைபோனார் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் அணிக்குச் சாதகமாக நடுவர் தவறு செய்யும் நாளிலும் அதைத் தவறு என்றே சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் மிகக் கடினம். நமக்கே இன்னும் முழுமையாகக் கைவரவில்லை.

கிராஅத் போட்டிக்கு அடுத்த வாரம் அந்தச் சிறுவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அன்று அஸருக்குப் பிறகு திடலில் நடந்த ஆட்டத்துக்கு அவனையே நடுவராக்கி, விசிலைக் கையில் கொடுத்தோம். பத்து நிமிடத்துக்குள் இரண்டு அணியும் அவனைச் சூழ்ந்துகொண்டன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நம்மிடம் ஓடி வந்தான். "ஹஜ்ரத், பந்து கோட்டைத் தாண்டுச்சான்னு நான் பார்க்கல. என்ன சொல்றது?" என்றான். பார்க்கவில்லை என்றே சொல் என்றோம்.