கை நடுக்கத்தைக் கஷாயம் நிறுத்துமா?

சட்டைப் பொத்தானைப் போட முடியாது. தேநீர்க் கோப்பையை எடுத்தால் பாதி தேநீர் கீழே சிந்தும். நடந்துகொண்டிருக்கும்போதே, தரையில் ஒட்டிக்கொண்டது போலக் கால் நின்றுவிடும். முகத்தில் சிரிப்பு மறையும். பேச்சு மெலியும்.

இதுதான் நடுக்கு வாதம். டாக்டர்கள் இதைப் "பார்க்கின்சன் நோய்" என்கிறார்கள். லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

2019-ல் உலகம் முழுவதும் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலும் முதியவர்களைப் பிடிக்கும் நோய் இது. சீனாவிலோ முதியவர்களின் தொகை ஏறிக்கொண்டே போகிறது.

சீனத் தலைவர் டெங் சியோபிங்கை வாட்டியதும் இந்த நோய்தான். அவர் 1997-ல் இறந்தார். "குடும்பம்" என்ற நாவலால் புகழ்பெற்ற பா ஜின், பல ஆண்டுகள் இதே நோயுடன் போராடி 2005-ல் 100 வயதில் காலமானார்.

இந்த நோய்க்கு மாத்திரை உண்டு. ஆனால் அது நோயை வேரறுக்காது. ஆகவே, சீனாவில் ஏராளமான நோயாளிகள் ஒரு கையில் டாக்டரின் மாத்திரையும், மறு கையில் நாட்டு வைத்தியரின் கஷாயமுமாக இருக்கிறார்கள். அந்தக் கஷாயம் வேலை செய்கிறதா?

மூளையில் ஒரு தபால்காரர்

மூளையின் அடிப்பாகத்தில் கருமை நிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் "டோபமைன்" என்ற பொருளைச் சுரக்கின்றன. கையை நீட்டு, காலை எடுத்து வை என்ற உத்தரவுகள் ஒழுங்காகப் போய்ச் சேர இந்தப் பொருள் வேண்டும். இதை ஒரு தபால்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கின்சன் நோயில் அந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தபால்காரர் இல்லாவிட்டால் கடிதம் எப்படிப் போகும்? கை நடுங்குகிறது. உடம்பு விறைக்கிறது. நடுக்கம் வெளியே தெரிவதற்குள் உயிரணுக்களில் பெரும்பகுதி போய்விடுகிறது.

1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற டாக்டர், "லெவோடோபா" என்ற மருந்தை அதிக அளவில் கொடுத்து நல்ல பலன் கண்டார். இந்த மருந்து மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவர்கள் நடந்தார்கள். இன்றும் இதுதான் முதன்மையான மருந்து.

ஆனால் சில ஆண்டுகள் போனபிறகு தொல்லை ஆரம்பிக்கிறது. ஒரு வேளை மாத்திரை அடுத்த வேளை வரை தாங்குவதில்லை. பலருக்கு உடம்பு தானாக நெளியத் தொடங்குகிறது. நோயாளி நாட்டு வைத்தியரின் வாசலுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதில் ஆச்சரியம் இல்லை.

உடம்புக்குள் காற்று

சீன வைத்தியத்துக்கு டோபமைன் தெரியாது. அது வேறு கணக்குப் போடுகிறது.

காற்று அடித்தால் மரம் ஆடுகிறது. கை ஆடினால் உடம்புக்குள்ளும் காற்று கிளம்பியிருக்க வேண்டும். கல்லீரலும் சிறுநீரகமும் பலம் குன்றுவதால் அந்தக் காற்று எழுகிறது. இதுதான் அவர்களுடைய விளக்கம். (நம்முடைய "வாதம்" என்ற சொல்லுக்கும் காற்று என்றே பொருள் என்பதைக் கவனிக்கலாம்.)

காற்றை அடக்க இரண்டு மூலிகைகள் பேர்போனவை. ஒன்று "கோ-டெங்". கொக்கி போன்ற முள் உள்ள கொடி. மற்றொன்று "தியன்-மா". இது பச்சை இலையே இல்லாத ஒரு வகை ஆர்க்கிட். காளானின் தயவில் வாழ்கிறது. அதன் கிழங்குதான் மருந்து.

இந்த இரண்டோடு வேறு சரக்குகளையும் சேர்த்துக் கஷாயம் காய்ச்சுகிறார்கள். வைத்தியர் நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். அதற்கு ஏற்றபடி சரக்கை மாற்றுவார். ஆகவே, ஒரே நோய் உள்ள இருவருக்குக் கஷாயம் ஒன்றாக இராது. சோதனை செய்ய முயலும் விஞ்ஞானிகளுக்கு இது பெரிய தலைவலி!

வரி பாக்கிக்கு 60 அடி

சீனாவில் இந்த நோய் பழையது என்று சொல்பவர்கள் ஒரு கதையைக் காட்டுகிறார்கள். 12, 13-ம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜாங் சோங்ஜெங் என்ற வைத்தியர் எழுதி வைத்தது அது.

மா என்ற முதியவருக்கு வயது 59. வரி கட்டவில்லை என்று அதிகாரிகள் அவருக்கு 60 அடி கொடுத்தார்கள். கிழவர் அரண்டுபோனார். கையும் காலும் நடுங்கத் தொடங்கின. எதையும் பிடிக்க முடியவில்லை. சோற்றை மற்றவர்கள் ஊட்ட வேண்டியிருந்தது. நூல் கட்டி ஆட்டும் பொம்மை மாதிரி அவர் உடல் ஆடியது. கடைத்தெரு ஜனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்களாம். மூன்று ஆண்டுகள் இப்படி!

வேர்வை வரவழைப்பது, வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் பேர்போனவர் இந்த வைத்தியர்.

ஆனால் அந்தக் கிழவர் தம் உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக் கொண்டார் என்றும் எழுதியிருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு அது பொருந்தவில்லை. ஆகவே, அவருக்கு வந்தது இதே நோய்தான் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

நம்பிக்கையும் மருந்துதான்!

ஊசி குத்தும் வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். ஊசி குத்திய பிறகு உடம்பு லேசாக இருக்கிறது என்று நோயாளி சொன்னால், அது ஊசியின் வேலையா?

கனடாவில் வான்கூவர் நகரத்து விஞ்ஞானிகள் 2001-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத போலி ஊசியைப் போட்டார்கள். மருந்து கிடைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்களுடைய மூளையில் டோபமைன் சுரந்தது! அதைக் கருவி மூலம் படம் பிடித்தும் காட்டினார்கள்.

இந்த நோயில் நம்பிக்கைக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. அதனாலேயே ஒரு வைத்தியத்தைச் சோதிப்பது கடினமாகிறது. பாதிப் பேருக்கு உண்மை ஊசியும், பாதிப் பேருக்குப் போலி ஊசியும் குத்த வேண்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. குத்துவது போலத் தோன்றி உள்ளே மடங்கிக்கொள்ளும் போலி ஊசிகள்கூட இதற்காகச் செய்யப்பட்டிருக்கின்றன.

ஊசிக்கும் கஷாயத்துக்கும் சீனாவில் நடந்த சோதனைகள் ஏராளம். ஆனால் பலவற்றில் ஆட்கள் குறைவு, காலமும் குறைவு. மாத்திரையோடு கஷாயமும் சாப்பிட்டவர்களை, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டுவிட்டு "குணம் தெரிகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். போலிக் கஷாயம் கொடுத்துப் பார்க்காதவரை அந்தப் பேச்சு நிற்காது.

சர்க்கார் துணை

நாட்டு வைத்தியத்துக்குச் சீன சர்க்கார் கைகொடுக்கிறது. இதற்கென ஒரு தனிச் சட்டம் 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பேர்பெற்ற பழங்காலக் கலவைகளை, மனிதர்களிடம் சோதித்துப் பார்க்காமலே தயாரித்து விற்க அது வழி செய்தது. அப்படிப்பட்ட 100 கலவைகளின் பட்டியல் 2018-ல் வெளியாயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் தன்னுடைய நோய்ப் பட்டியலில் நாட்டு வைத்தியத்துக்கு ஓர் அத்தியாயம் சேர்த்தது. 2019-ல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022-ல் அமலாயிற்று. பட்டியலில் சேர்த்ததால் குணமாகும் என்று அர்த்தமில்லை என்றும் நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆனால் விளம்பரம் செய்கிறவர்கள் அதைச் சொல்வார்களா?

2020-ல் பீஜிங் நகர நிர்வாகம் இன்னும் ஒரு படி போயிற்று. சீன வைத்தியத்தை இழிவாகப் பேசினால் தண்டனை என்று ஒரு நகல் விதியை வெளியிட்டது. சீனாவிலேயே பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. கேள்வி கேட்பவரைத் தண்டித்தால் மருந்துக்குப் பலம் வந்துவிடுமா என்ன?

சோதனைக்கு அஞ்சாமல் வென்ற சீன மருந்தும் இருக்கிறது. மலேரியாவுக்கான "ஆர்ட்டிமிசினின்" அது. டூ யூயூ என்ற அம்மையார், சுமார் 1,600 ஆண்டுக்கு முந்திய ஏட்டில் குறிப்புக் கண்டு, மூலிகைச் சத்தைச் சூடேறாமல் பிரித்தார். 1972-ல் தாமே அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

சென்னையில் கண்டது

லெவோடோபாவும் செடியில் இருப்பதுதான். ஐரோப்பாவில் 1913-ல் ஒரு வகை அவரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலும் அது இருப்பதை 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் கண்டார்கள். நடுக்கு வாதத்துக்கு அது மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது!

ஆனால் விதைக்கு விதை அளவு வேறுபடும். மாத்திரையோடு விதைப் பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து அளவுக்கு மீறிப் போய்விடும்.

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்ற எண்ணமும் ஆபத்தானது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களில் 100 பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒத்திருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது.

நடுக்கு வாதத்தில் இன்னொரு ஆபத்து. கஷாயத்தை நம்பி லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து. கோ-டெங்கைச் சீனர்கள் ரத்தக் கொதிப்பைத் தணிக்கவும் கொடுக்கிறார்கள். நடுக்கு வாதக்காரர்களுக்கோ எழுந்து நிற்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது உண்டு.

ஆடி ஆடி நடை

சீனாவின் பழைய முறைகளில் நல்ல மார்க் வாங்கியது கஷாயமும் அல்ல, ஊசியும் அல்ல. "தாய்-சி" என்ற உடற்பயிற்சிதான்!

பூங்காக்களில் சீன முதியவர்கள் மெதுவாகக் கையை வீசி, காலை மாற்றி வைத்து ஆடுவது போலச் செய்யும் பயிற்சி இது. மருந்துச் செலவு இல்லை.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாய்-சி. ஒரு குழுவுக்குப் பளுவோடு பயிற்சி. ஒரு குழுவுக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி. வாரம் 2 நாள், 24 வாரம். முடிவு 2012-ல் வெளியாயிற்று. தடுமாறாமல் நிற்பதில் தாய்-சி குழுவே முதலிடம். நீட்டி மடக்கியவர்களைவிட அவர்கள் கீழே விழுந்ததும் குறைவு. இந்த நோயில் விழுந்து எலும்பு முறிவது எவ்வளவு பெரிய துன்பம் என்பது, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஷாங்காய் டாக்டர்கள் இன்னும் நீண்ட காலம் பார்த்தார்கள். தாய்-சி செய்த 143 பேரையும், செய்யாத 187 பேரையும் 2016 முதல் 2021 வரை கவனித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு நோய் மெதுவாக முற்றியது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் அல்ல இவை. பயிற்சிக்கு வந்தவர்கள் முதலிலேயே கொஞ்சம் திடமானவர்களாக இருந்திருக்கலாம்.

2020-ல், பயிற்சி செய்யாதவர்களில் 100-க்கு 96 பேருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. தாய்-சி செய்தவர்களிலும் 100-க்கு 87 பேருக்குக் கூட்டத்தான் வேண்டியிருந்தது.