வருண ஜபம் தெரியும், வங்கக்கடல் தெரியுமா?

2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் ஓடின. அப்போது இந்து சமய அறநிலையத் துறை முக்கியக் கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மழை வேண்டி யாகம் செய்யுங்கள், தண்ணீர் நிரப்பிய அண்டாவில் உட்கார்ந்து வருண ஜபம் சொல்லுங்கள், நாதஸ்வரத்திலும் வயலினிலும் அமிர்தவர்ஷிணி வாசியுங்கள் என்று. இதே ஏரியைத் திறந்துவிட்டு அடையாற்றங்கரை மூழ்கி அப்போது நாலு வருஷம்கூட ஆகவில்லை!

பகுத்தறிவு நண்பர்கள் அந்தச் சுற்றறிக்கையை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு உறைத்தது வேறு. ஒரே ஒரு காகிதத்தில் தமிழ்நாடு முழுக்க உள்ள அர்ச்சகர்களை மழைக்காக உட்கார வைக்க ஒரு அரசுத் துறையால் முடிகிறது. அதே துறை, மழை எப்படிப் பெய்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏன் இன்னொரு காகிதம் போடக்கூடாது?

முடியாத காரியம் இல்லை. பள்ளிக்கூடம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற 2006 ஆணையைத் தொடர்ந்து மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணி என்று ஆறு இடங்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி வந்தது. படித்து முடித்த இருநூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் வழக்கு, தடை என்று வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் 24 பேருக்கு வேலை கிடைத்தது. 2023ல் ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். யார் படிக்கலாம் என்பதற்கு இவ்வளவு பெரிய சண்டை போட்டோம், போட வேண்டிய சண்டைதான். என்ன படிக்க வேண்டும் என்று கேட்க மட்டும் ஆளில்லை.

"ஆகமம் படிக்கிற இடத்தில் அறிவியலுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சாங்கம் என்ன சார்? சூரியனும் சந்திரனும் எங்கே நிற்கின்றன என்ற கணக்குதானே? வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றைக்கும் நடக்கிற சண்டை, கண்ணால் பார்ப்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டுமா என்கிற சண்டை. மதரஸாக்களின் பழைய பாடத்திட்டமான தர்ஸே நிஜாமியிலும் வானவியலும் கணிதமும் உண்டு. அந்தந்தக் காலத்து அறிவியலை மத குருமார்கள் படித்துத்தான் வந்திருக்கிறார்கள். இடையில் எங்கேயோ நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். பஞ்சாங்கத்தில் மட்டும் இன்னும் மழையை மரக்கால் கணக்கில் அளக்கிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் "பஞ்சாங்கம் அன்றே சொன்னது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடுகிறது. சொல்லி நடக்காத வருஷத்தின் பக்கத்தை யாரும் அனுப்புவதில்லை :-)

சரி, கடற்கரைக்கு வருவோம். கோவளத்தில் ஒரு தர்கா, ஒரு பழைய மாதா கோயில். கொஞ்சம் தெற்கே திருவிடந்தையில் நித்யகல்யாணப் பெருமாள். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள். மாசி மகத்துக்கு இருளர்கள் கன்னியம்மனைக் கும்பிடக் கூடுவதும் அந்த மணலில்தான். அந்த மணல்தான் இப்போது பிரச்னை. தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி 1990 முதல் 2018 வரை தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது.

கடல் ஊருக்குள் வந்தால் மீனவ ஊரில் முதலில் என்ன கேட்பார்கள்? தூண்டில் வளைவு. கல்லைக் கொட்டு என்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை, வீடு போகிறவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை போகும். ஒரு ஊரைக் காப்பாற்றும் கல் அடுத்த ஊரைக் கடலுக்குக் கொடுக்கிறது. அடுத்த ஊரும் கல் கேட்கும். இந்த மாதிரி மனு எழுதும் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்களோடு பங்குச்சாமியோ பூசாரியோ இமாமோ உட்கார்ந்திருப்பது வழக்கம். அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. மணல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் அவர் ஆசீர்வதிக்கிற மனு, இரண்டு ஊருக்குள் வெட்டுக்குத்தில் முடியலாம். "மதகுருவுக்கு இதெல்லாம் எதற்கு" என்பவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்னொன்று, திருக்கழுக்குன்றம். மத்தியானம் இரண்டு கழுகுகள் மலைக்கு வரும், குருக்கள் கையால் சோறு ஊட்டுவார். நம் அப்பா அம்மா பார்த்திருப்பார்கள். 1990களின் இறுதியோடு அது நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் கிடைக்கிற பதில்: கலி முற்றிவிட்டது, பாவம் பெருகிவிட்டது. அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006ல் அந்தக் கால்நடை மருந்தைத் தடை செய்தார்கள். இது காலநிலை சமாச்சாரம் இல்லை, தெரியும். ஆனால் கழுகைத் தினமும் நேரில் பார்த்தவர் அந்தக் குருக்கள். ஒருநாள் பறவை வராதபோது யாரிடம் சொல்வது, என்ன கேட்பது என்று அவருக்கு நாம் கற்றுக்கொடுத்திருந்தோமா?

கிறிஸ்தவர்கள் காகித அளவில் முன்னே போய்விட்டார்கள். போப் பிரான்சிஸ் 2015ல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் எழுதினார். 2016 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி நெறிமுறை, வருங்காலக் குருக்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வேண்டும் என்றே சொல்கிறது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் இஸ்லாமிய அறிஞர்கள் காலநிலைப் பிரகடனம் வெளியிட்டார்கள். நல்லது. ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. "இயற்கை அன்னையைப் பேணுவோம்" என்று ஒரு பிரசங்கம், வாசலில் ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ... இதோடு முடிந்துவிடும். அது பக்தி, அறிவியல் இல்லை. நான் கேட்பது கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 1901 முதல் 2018க்குள் உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியது. இதைப் படித்துத் தேர்வு எழுதிப் பாஸ் ஆக வேண்டும்.

இன்னொரு பாடமும் சேர்த்தே வேண்டும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, அந்த மழையில் புவி வெப்பமாதலின் பங்கு தெரிகிறதா என்று ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு பார்த்தது. தெளிவான பங்கு எதுவும் தெரியவில்லை என்று 2016ல் எழுதியது. இதையும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். எல்லா வெள்ளத்துக்கும் "காலநிலை மாற்றம்" என்று கையைக் காட்டினால், ஏரியில் வீடு கட்டியவனும் வடிகாலை அடைத்தவனும் தப்பித்துக்கொள்வான். கலி முற்றிவிட்டது என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"சாமியாருக்கு விஞ்ஞான முலாம் பூசுகிறாயா?" என்று என் தி.க. நண்பன் கேட்பான். தம்பி, 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு ராத்திரியில் ஊரில் மைக் செட் எங்கே இருக்கும்? கோயிலில், சர்ச்சில், பள்ளிவாசலில். உன் பகுத்தறிவு மன்றத்தில் இல்லை. வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கைக்கும் சிவப்பு எச்சரிக்கைக்கும் வித்தியாசம் தெரிந்தவர் அந்த மைக்கைப் பிடித்தால் உனக்கு என்ன நஷ்டம்?

செய்வதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு வருஷப் படிப்பில் முப்பது மணி நேரம் போதும். பாடம் எடுக்க அண்ணா பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்றத்துக்கு என்றே ஒரு மையம் இருக்கிறது. முதல் வகுப்பை மதுராந்தகத்தில், ஏரி காத்த ராமர் கோயிலில் வைக்கலாம். 1790களில் கலெக்டர் லயோனல் பிளேஸ், கொட்டும் மழையில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நிற்பதைப் பார்த்தார், அதற்காகத் தாயார் சன்னதி கட்டிக்கொடுத்தார் என்பது கதை. கதையைச் சொல்லட்டும், தீபாராதனையும் ஆகட்டும். பிறகு மாணவர்களை அப்படியே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கலங்கல் எங்கே, மதகு எங்கே, ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் மழை பெய்தால் தண்ணீர் எந்தக் கிராமத்துக்குப் போகும் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சான்றிதழ்.