வரைபடமும் ரோந்தும்

மழை பொழியும் நள்ளிரவிலும் ஊர்க்காவலர் மதுரைத் தெருக்களைக் காத்து நின்றதை மதுரைக்காஞ்சி கூறுகிறது. எத்தெருவில் எந்நேரம் விழிப்பு வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிவால் கணித்திருப்பர். இன்று அப்பணி கணினியிடம் செல்கிறது. களவும் வழிப்பறியும் நிகழ்ந்த இடத்தையும் நேரத்தையும் வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகள் திரளும் இடத்திற்கு ரோந்தை அனுப்புகின்றனர். நியூயார்க் காவல்துறை 1994இல் இத்தகைய முறையைத் தொடங்கியது. தில்லிக் காவல்துறையும் இஸ்ரோவின் துணையோடு ஓர் அமைப்பை உருவாக்கியுள்ளது.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் பகலெல்லாம் மிளகும் இஞ்சியும் ஏற்றிய வண்டிகளின் நெரிசல். கிடங்குகளைப் பூட்டியபின் ஆளரவம் குறைந்துவிடும். யூதத் தெருவிலோ சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். இவ்விரு தெருக்களுக்கும் ஒரே வகைக் காவல் பொருந்தாது.

ஆயினும், வரைபடத்தில் தெரிவன குற்றங்கள் அல்ல, புகார்களே. தில்லியின் அமைப்பை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சுட்டிக்காட்டியது. வசதியுடையோர்க்குத் தனிக் காவலாளியும் தெரிந்த அதிகாரியும் உண்டு. குடிசைவாழ் மக்களுக்கோ 100 என்னும் எண்ணே துணை. அவர்கள் அழைக்க அழைக்க, அவர்கள் பகுதியே வரைபடத்தில் சிவக்கிறது. உதவி கேட்டவர் மீதே ஐயம் விழுவது எவ்வகை நீதி? அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரம் அதே ஆண்டில் குற்றத்தை முன்கணிக்கும் கணினி முறையைத் தடைசெய்தது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. நம் குடும்பங்களுக்கு அதுவே நெருக்கமானது. தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் ஒலிக்கும் ஊர் மட்டாஞ்சேரி. மலையாளம் எழுதத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி, கைப்பேசி களவுபோனால் காவல் நிலையத்திற்குச் செல்வாரா? ஒரு நாள் கூலி போய்விடும். எந்த ஊர், என்ன வேலை என்ற கேள்விகளும் எழும். அவர் பேசாமல் இருந்துவிடுவார். அவர் பறிகொடுத்த சந்து வரைபடத்தில் வெண்மையாகவே இருக்கும். ரோந்தும் அங்கு வராது.

கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரித் திட்டத்தின்படி, காவலர் வீடுவீடாகச் சென்று மக்களோடு பழகவேண்டும். வரைபடத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அக்காவலர் வாசலில் கேட்டறிவதும் அதில் ஏறவேண்டும்; தெருவிளக்கு எரியாத மூலையும் ஏறவேண்டும். எம்மொழியில் சொன்னாலும் புகாரைப் பரிவோடு எழுதிக்கொள்ளும் ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கட்டும். அதன்பின் அவ்வரைபடத்தை நம்பி ரோந்தை அனுப்பலாம்.