விக்டோரியா தெருவின் சிறு வாயில்

சிங்கப்பூர் சென்று திரும்புவோர் அங்குள்ள வானளாவிய மாடங்களைப் பற்றியே வியந்து பேசுகின்றனர். அந்நகரின் விக்டோரியா தெருவில், ஒரு பழைய மதிலில் அமைந்த சிறு வாயிலைக் கவனித்தவர் சிலரே. வறுமையினால் வளர்க்க இயலாத பச்சிளங்குழந்தைகளை அவ்வாயிலருகே விட்டுச் செல்வது முற்காலத்தில் வழக்கமாயிருந்தது. உள்ளே வாழ்ந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர் அவர்களை எடுத்து வளர்த்தனர்.

அக்கன்னியர் 1854இல் பினாங்கிலிருந்து வந்தவர்கள். பிரெஞ்சு மறைபோதகர் அருட்தந்தை பெரேல் அவர்களுக்கென வாங்கியிருந்த கால்டுவெல் இல்லமே முதல் மடமாயிற்று. அவ்வீட்டை 1840-41இல் அமைத்தவர் கோல்மன் என்னும் ஐரிஷ் கட்டடக் கலைஞர். (நம் திருநெல்வேலிக் கால்டுவெல் வேறு, பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.) பின்னர் அருட்தந்தை நேன் வரைந்து தந்த அமைப்பின்படி, 1904இல் கோதிக் பாணிச் சிற்றாலயம் எழுந்தது. அதன் தூண்களின் தலைப்பகுதியில் வெப்பநாட்டுச் செடிகொடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியக் கலை நம் கீழ்த்திசை மண்ணின் இலையையும் பூவையும் சூடிக்கொண்ட காட்சி அது!

1983இல் பள்ளி தோ பாயோவுக்கு இடம்பெயர்ந்தது. சிற்றாலயத்தில் வழிபாடு நின்றது. 1990இல் அரசு அதனையும் கால்டுவெல் இல்லத்தையும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தது. 1996இல் வளாகம் 'சைம்ஸ்' என்னும் புதுப்பெயருடன் திறக்கப்பட்டது. இன்று அங்கே உணவகங்களும் மதுக்கூடங்களும் நடைபெறுகின்றன. பீடமிருந்த கூடம் திருமண விருந்துகளுக்கு வாடகைக்கு விடப்படுகிறது.

இதனை எண்ணும்போது நம் உள்ளம் வருந்தவே செய்கிறது. ஆயினும் முழுவதும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அருகிலிருந்த பழைய ராஃபிள்ஸ் பள்ளி 1972இல் வேறிடம் சென்றபின், அதன் கட்டடம் இடிக்கப்பட்டு, அங்கே ராஃபிள்ஸ் சிட்டி எழும்பிவிட்டது. சுவடு கூட இல்லை. மடமோ, கல்லளவிலேனும் எஞ்சி நிற்கிறது. அங்கே பயின்ற மூதாட்டி ஒருவர் தம் பேத்திக்குச் சுட்டிக்காட்ட ஒரு தூணாவது உண்டு.

நடந்தே செல்லும் தொலைவில், ஆஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் கட்டி முடிக்கப்பட்டது. அதுவும் 2005 முதல் நினைவுச் சின்னமே. ஆனால் அங்கே மணி அடித்தால் மக்கள் கூடுகின்றனர். தமிழில் திருப்பலி நிறைவேறுகிறது. சிங்கப்பூரில் பிள்ளைகளோ உறவினரோ உள்ள நம் வாசகர்கள், அடுத்த பயணத்தில் இரண்டு இடங்களுக்கும் ஒரே மாலையில் சென்று வரலாம்.